ஜோசினி ஏரியில் குளிக்கலாமா?

கேள்வி: ஈஸ்டர் விடுமுறைக்கு நாலு குடும்பமாக ஜோசினி டாமுக்குப் போகிறோம். தண்ணீரை ஒட்டியே கூடாரம் அடித்தால் விடியும்போதே தூண்டில் போடலாம், பிள்ளைகளும் ஓரமாகக் குளிக்கலாம் என்கிறார் மாமா. "மனுஷன் கட்டின ஏரியில் ஏது முதலை?" என்று வேறு கேட்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
– ஒரு வாசகி, சாட்ஸ்வர்த், டர்பன் (தென்னாப்பிரிக்கா)

பதில்: மனுஷன் கட்டியது சுவரை மட்டும்தான் என்று மாமாவிடம் சொல்லுங்கள். அந்த அணை நிற்கும் பொங்கோலா ஆற்றில் முதலையும் நீர்யானையும் அணைக்கு முன்பே இருந்தவை. 1973இல் அணை முடிந்தது. 1984இல் டொமோய்னா புயல் கொட்டிய மழையில் ஏரி மளமளவென்று நிரம்பியது. தண்ணீர் பரவிய இடமெல்லாம் முதலையும் பரவிற்று. (வெள்ளைக்கார விவசாயிகளைக் குடியேற்றி, அணைக்குக் கீழேயுள்ள மக்காத்தினி சமவெளியில் கரும்பு போடத்தான் இந்த அணையே. சர்க்கரை விலை விழுந்தது, திட்டமும் படுத்தது. கரும்புத் தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம் இப்போது அங்கே மீன்பிடிக்கப் போகிறோம். சரி, இருக்கட்டும்.)

கரையோரக் கூடாரம் வேண்டவே வேண்டாம். நீர்யானை ராத்திரியில் புல் மேயக் கரையேறும். அதற்கும் தண்ணீருக்கும் நடுவே யார் நின்றாலும் ஆபத்து. வேலி போட்ட முகாமில் இடம் பிடியுங்கள். மீனைத் தண்ணீரோரத்தில் கழுவிக் குடலை வீசாதீர்கள். தினமும் ஒரே இடத்தில் வீசினால் முதலை அங்கேயே காத்துக் கிடக்கும்.

தூண்டில் விஷயத்தில் மாமாவின் ஆசை நியாயமானது. ஆப்பிரிக்காவில் டைகர் மீன் என்னும் கூர்ப்பல் ஆற்றுமீன் இயற்கையாக வாழும் தென்கோடி இந்த ஆறுதான். அதன் பல்லுக்கு வெறும் நைலான் தங்கூசி தாங்காது, நுனியில் கம்பி கட்ட வேண்டும். தூண்டில் முள்ளைக் குறடால் கழற்றுங்கள், விரலால் அல்ல. பிடித்ததைப் படம் எடுத்துக்கொண்டு திரும்ப விட்டுவிடுவதுதான் அங்கே நல்ல மீன்பிடிகாரர்களின் வழக்கம். நாலு குடும்பத்துக்கும் மீன்குழம்பு வேண்டுமென்றால் டர்பனிலேயே வாங்கி ஐஸ்பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள்.

மீன்பிடி அனுமதிச்சீட்டை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். அது மலேரியா பகுதி. பிள்ளைகளுக்கு மாத்திரை தேவையா என்று கிளம்புமுன் டாக்டரிடம் கேளுங்கள், கொசு மருந்தும் முழுக்கைச் சட்டையும் எடுத்து வையுங்கள்.

அப்புறம், குளித்தே தீருவேன் என்று மாமா அடம்பிடித்தால், இடம் பதியும்போதே அங்கே நீச்சல்குளம் உண்டா என்று விசாரித்துவிடுங்கள்.