நூலகம்: கேள்வியும் பதிலும்

கேள்வி: இணையத்தில் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கும் இதழ்களையும் நூல்களையும் பல்கலைக்கழக நூலகம் எதற்காகத் தன் பட்டியலில் சேர்க்க வேண்டும்? தேடுபொறியே போதாதா? (முதுகலை மாணவர் ஒருவர்)

பதில்: தலைப்பு தெரிந்தவருக்குத் தேடுபொறியே போதும். பொருளை மட்டும் மனத்தில் கொண்டு தேடுகிறவருக்கோ, சந்தா கட்டி வாங்கியதும் கட்டணமின்றிக் கிடைப்பதும் ஒரே தேடலில் அருகருகே வந்தால்தான் பயன். இதற்காக ஒவ்வொரு தலைப்பையும் தனித்தனியே பதிவு செய்ய எந்த நூலகத்திலும் ஆளில்லை. ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் 2003-இல் தொடங்கப்பட்ட, டி.ஓ.ஏ.ஜே. எனப்படும் திறந்த அணுகல் இதழ்களின் (யாரும் கட்டணமின்றிப் படிக்கக்கூடிய இதழ்களின்) அடைவு போன்றவற்றிலிருந்து பதிவுகள் மொத்தமாகத் தேடல் அமைப்புக்குள் கொண்டுவரப்படுகின்றன. அப்படிக் கொண்டுவரும்போது, அந்தப் பல்கலைக்கழகத்தில் பாடமாகவே இல்லாத துறைகளின் இதழ்களும் சேர்ந்து வந்து குவியும் என்பதால், எதை வைப்பது, எதை விடுவது என்று பொறுக்கும் வேலை நூலகர் தலையில் விழுகிறது.

அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று உண்டு. விலைக்கு வாங்கிய இதழுக்கு ஆண்டுதோறும் சந்தா புதுப்பிக்கும் நாள் வருகிறது; அன்று யாராவது ஒருவர், எத்தனை பேர் படித்தார்கள், தொடர்வதா, நிறுத்துவதா என்று கேட்டே தீருவார். இலவச இதழுக்கு பில் வருவதில்லை. ஆகவே அதைத் திரும்பிப் பார்க்கும் நாளும் வருவதில்லை. அந்த நாளை நூலகமே நாட்காட்டியில் குறித்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. பெரும்பாலான இடங்களில் அது நடப்பதில்லை.

கேள்வி: நூலகப் பக்கத்தில் இலவசம் என்று போட்டிருக்கும் கட்டுரையைத் திறந்தால் சில சமயம் கடவுச்சொல்லும், சில சமயம் பணமும் கேட்கிறதே, ஏன்? (ஆய்வு மாணவி ஒருவர்)

பதில்: கடவுச்சொல் கேட்பது பெரும்பாலும் நூலகத்தின் கோளாறு. சந்தா இதழ்களை வளாகத்துக்கு வெளியிலிருந்தும் படிப்பதற்காக, இணைப்பின் தொடக்கத்தில் ப்ராக்ஸி சர்வரின் முகவரியைச் சேர்த்திருப்பார்கள். அந்த சர்வர் உங்களை இன்னார் என்று சரிபார்த்த பிறகே பதிப்பாளரின் தளத்துக்கு அனுப்பும். எல்லா இணைப்புகளுக்கும் ஒரேயடியாக இதைச் செய்துவிட்டால், உலகத்துக்கே திறந்திருக்கும் இதழும் உங்களிடம் கடவுச்சொல் கேட்கும். உங்களிடமாவது கணக்கு இருக்கிறது. கணக்கு இல்லாத முன்னாள் மாணவர் திரும்பிப் போய்விடுவார். இலவசத் தொகுப்புகளுக்கு மட்டும் ப்ராக்ஸியை நீக்கிவிட்டால் இது சரியாகிவிடும்.

பணம் கேட்பதற்குக் காரணம் வேறு. சில இதழ்கள் கட்டுரை வெளியாகி 12 மாதங்கள் கழித்தே அதை எல்லோருக்கும் திறந்துவிடுகின்றன. வேறு சிலவற்றில், ஆசிரியர் தரப்பில் கட்டணம் செலுத்திய கட்டுரை திறந்திருக்க, அதே இதழில் அடுத்த கட்டுரை பூட்டியிருக்கும். நூலகப் பதிவோ பொதுவாக இதழ் அளவிலேயே இருப்பதால், ‘1998 முதல் இலவசம்’ என்ற ஒற்றை வரியால் இவற்றையெல்லாம் சொல்ல முடியாது. இத்தகைய நேரங்களில் கட்டுரையின் டி.ஓ.ஐ. எண்ணை, அதாவது அந்தக் கட்டுரைக்கென்றே தரப்பட்ட நிலையான அடையாள எண்ணை, அன்பேவால் (Unpaywall) என்ற சேவையில் இட்டுப் பாருங்கள். ஆசிரியரின் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் முறைப்படி வைக்கப்பட்ட பிரதி இருந்தால் அது காட்டிவிடும்.

கேள்வி: சென்ற ஆண்டு வரை படித்துவந்த இலவச இதழ் ஒன்றை இப்போது தேடினால் ஏதோ விளம்பரத் தளம் திறக்கிறது. இதற்கு யார் பொறுப்பு? (கல்லூரி ஆசிரியர் ஒருவர்)

பதில்: இதழை நடத்தியவர்கள் இணைய முகவரியைப் புதுப்பிக்காமல் விட்டிருப்பார்கள், வேறொருவர் அதை வாங்கியிருப்பார். இணைப்புகளைச் சோதிக்கும் மென்பொருள் இதைக் கண்டுபிடிக்காமல் போகலாம், ஏனெனில் அதன் கணக்கில் பக்கம் திறக்கிறது. 2000 முதல் 2019 வரையான காலத்தில், முழுமையான காப்புப் பிரதி இல்லாததால் இணையத்திலிருந்தே மறைந்துபோன திறந்த அணுகல் இதழ்கள் 170-க்கும் மேல் என்று ஓர் ஆய்வு கணக்கிட்டது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1999-இல் தொடங்கிய லாக்ஸ் திட்டம், ஒரே இதழின் பிரதிகளைப் பல நூலகங்களில் வைத்துக் காப்பதற்காகவே உருவானது. ஆனால் ஒரு துறையோ சிறு கழகமோ நடத்தும் இதழ்கள் பல, இத்தகைய ஏற்பாடு எதிலும் சேர்வதில்லை. நகலெடுத்துப் பகிர முன்கூட்டியே அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் உள்ள இதழாக இருந்தால் நூலகமே ஒரு பிரதி எடுத்து வைக்கலாம். உரிமம் எதுவும் குறிப்பிடாமல் திறந்துவிடப்பட்டதை அப்படிச் செய்வது சிக்கல்.

உங்கள் நூலகருக்கு எழுதும்போது இதழின் பெயர், தேடிய ஆண்டு, இப்போது திறக்கும் பக்கத்தின் முகவரி ஆகியவற்றைக் குறிப்பிடுங்கள். ‘திறக்கவில்லை’ என்று மட்டும் எழுதினால், அவர் எந்தப் பதிவைத் திருத்துவார்?