தினமும் வாங்குற சாதாரணக் காய்கறிகள்ல எதுல சத்து ஜாஸ்தி? உடம்புக்கு எதை அடிக்கடி சேர்த்துக்கலாம்?

எங்களுக்குத் திண்டுக்கல்ல ஒரு சின்ன காய்கறிக் கடை. காலேஜ்ல நான் படிச்சது நியூட்ரிஷன், கல்யாணத்துக்கு அப்புறம் உக்காந்திருக்கிறது கல்லாவுல. அதனால இந்தக் கேள்வி எனக்கு தினம் வர்றதுதான். "ஏம்மா ரத்தம் ஊற எது நல்லது", "அவருக்கு சுகர் இருக்கு எதைப் போடட்டும்", "ப்ராக்கோலி வருமா உங்ககிட்ட"ன்னு காலைல ஷட்டர் தூக்குனதுல இருந்து யாராவது ஒருத்தர் கேட்டுட்டேதான் இருப்பாங்க.

ஒரே ஒண்ணு சொல்லுன்னா கண்ணை மூடிட்டு முருங்கைக்கீரைன்னு சொல்லுவேன். கடையில அதுக்கு பெரிசா விலையே கிடையாது, பாதிப்பேர் பக்கத்து வீட்டு மரத்துலயே ஒடிச்சுக்குவாங்க. ஹைதராபாத்ல இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல போட்ட அட்டவணைல பாத்தா 100 கிராம் பச்சை இலைல கால்சியம் 300 மில்லிகிராமுக்கு மேல, புரதம் 6 கிராம் சொச்சம், வைட்டமின் சி 100 மில்லிகிராம் பக்கம் இருக்கு. பசும்பால் 100 மில்லில கால்சியம் 120 தான். சரி, அப்போ வாட்ஸ்அப்ல சுத்துதே "பாலை விட 17 மடங்கு கால்சியம்"னு, அது உண்மையான்னு கேப்பீங்க. அது காஞ்ச இலைப் பொடியை கிராமுக்கு கிராம் பாலோட நிறுத்துப் பாத்த கணக்கு. பால்ல 87 சதவீதம் தண்ணி, பொடியில தண்ணியே இல்லாத மாதிரிதான், மடங்கு ஏறாம என்ன செய்யும். பொடியை யாரும் டம்ளர் கணக்குல சாப்பிடப் போறதில்ல, ஒரு ஸ்பூன் போட்டா 100 மில்லிகிராம் தேறும், அரை டம்ளர் பாலுக்கு சமம்னு வச்சுக்கோங்க. அதுவும் மோசமில்ல, ஆனா அதுக்காக ஆன்லைன்ல டப்பா டப்பாவா காசு போட்டு வாங்க வேண்டியதில்ல.

கறிவேப்பிலையும் இதே கதைதான். 100 கிராம்ல கால்சியம் 600 மில்லிகிராமுக்கு மேல, கேக்கவே பிரமாதமா இருக்கு. நாம தாளிக்கிறது பத்து இலை, அதையும் பொறுக்கி தட்டு ஓரத்துல வச்சுடுறோம். கொசுறா குடுக்குறதாலயோ என்னவோ மதிப்பே இல்ல அதுக்கு. தொவையலாவோ இட்லிப்பொடி மாதிரி பொடிச்சோ வச்சா ஏதோ கொஞ்சம் உள்ள போகும். அதனால "100 கிராம்ல இவ்ளோ இருக்கு"ன்னு எதைப் படிச்சாலும் நம்ம தட்டுல அது எத்தனை கிராம் விழுதுன்னு ஒரு தடவை யோசிச்சுக்கோங்க.

கடைல உக்காந்து பாக்குறதுல எனக்கு ரொம்ப வயித்தெரிச்சல் தர்றது முள்ளங்கி. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்ல இருந்து சில நாள் இலையோட வரும், இளசா, தொட்டா லேசா சொரசொரன்னு. வாங்குறவங்க எல்லாரும் சொல்லி வச்ச மாதிரி "இலையை வெட்டிட்டு நிறுத்துங்கம்மா"ம்பாங்க. கிழங்குல கால்சியம் 100 கிராமுக்கு ஒரு 30 மில்லிகிராம் இருக்கும், இலைல 200-க்கு மேல, வைட்டமின் சியும் இலைலதான் கூட. அத்தனையும் சாக்குல கட்டி பின்னாடி தெரு ஆட்டுக்குப் போகுது. பாசிப்பருப்பு போட்டு, வரமிளகாய் பூண்டு தட்டிப் போட்டுப் பொரியல் பண்ணிப் பாருங்க, கொஞ்சம் காரலா இருக்கும், அந்தக் காரல் பிடிச்சுப் போச்சுன்னா விட மாட்டீங்க.

ரத்தம் விஷயத்துக்கு வர்றேன், ஏன்னா பெண்கள் கேக்குறதுல பாதி இதுதான். தேசிய குடும்பநல ஆய்வுல (2019-21) தமிழ்நாட்டுல 15-49 வயசுப் பெண்கள்ல 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகைன்னு வந்துச்சு, ரெண்டு பேர்ல ஒருத்தர்னு வைங்க. அதுக்கு எல்லாரும் தேடி வர்றது பீட்ரூட். செவப்பா இருக்கு, அரைச்சா ரத்தம் மாதிரி இருக்கு, அதனால ரத்தம் ஊறும்னு நினைக்கிறாங்க. பீட்ரூட்ல 100 கிராமுக்கு இரும்பு ஒரு மில்லிகிராம்கூட தேறாது, ஒரு பொண்ணுக்கு ஒரு நாளைக்கு வேணும்னு ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) சொல்றது 29 மில்லிகிராம். பீட்ரூட்டைக் குறை சொல்லல, அதுல ஃபோலேட்ங்கிற பி வைட்டமின் இருக்கு, நைட்ரேட் இருக்கு, அந்த நைட்ரேட் ரத்தக்குழாயைத் தளர்த்தி பிரஷரைக் கொஞ்சம் இறக்கும், அதெல்லாம் உண்மை. இரும்புக்கு மட்டும் அதை நம்பாதீங்க. அதே மாதிரி வாழைப்பூ நறுக்குனா கறுக்குது, கத்தரிக்காய் கறுக்குது, அதுல இரும்பு இருக்குன்னு எங்க மாமியாரே சொல்லுவாங்க. நறுக்கும்போது உள்ள இருக்கிற ஒரு என்சைம் காத்துபட்டு செய்ற வேலை அது, இரும்புக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல, மோர்த்தண்ணில போட்டா கறுக்காம இருக்கிறதும் அந்தப் புளிப்பு என்சைமைத் தடுக்குறதாலதான்.

காய்கறி இரும்புல இன்னொரு சிக்கல், அது உடம்புல லேசுல ஒட்டாது. கறி மீன்ல இருக்கிற இரும்பு நல்லா ஏறும், கீரையில இருக்கிறதுல கொஞ்சம்தான் ஏறும், அதைக் கூட்டணும்னா கூடவே வைட்டமின் சி வேணும். கீரைப் பொரியலை இறக்கி வச்சப்புறம் அரை மூடி எலுமிச்சம்பழம் பிழிஞ்சு விடுங்க, இல்லன்னா சாப்பிட்டு ஒரு கொய்யாக்காயைக் கடிங்க. சாப்பிட்ட கையோட டீ குடிக்கிற பழக்கத்தை மட்டும் ஒரு மணி நேரம் தள்ளிப் போடுங்க, டீல இருக்கிற டானின் இரும்பைப் பிடிச்சு வச்சுக்கும். நாம பண்றது என்னன்னா மத்தியானம் கீரை சாதம், அடுத்த நிமிஷம் டீ. ஹீமோகுளோபின் 8, 9னு வந்தவங்க கீரையையே நம்பி மாசக்கணக்குல உக்காந்திருக்காதீங்க, டாக்டர்கிட்ட போய் மாத்திரை எழுதி வாங்குங்க, கீரை அது கூட இருக்கட்டும்.

பாலக்கீரை பத்தியும் ஒரு வார்த்தை. அதுல கால்சியம் இருக்குன்னு போட்டிருக்கும், ஆனா கூடவே கால்சியத்தைப் பிடிச்சு வச்சுக்கிற ஆக்ஸலேட்ங்கிற பொருள் ஏகப்பட்டது இருக்கிறதால அந்தக் கால்சியத்துல நூத்துக்கு அஞ்சு பங்குதான் உடம்புல சேரும், பால்லன்னா 30 பங்கு சேரும். கிட்னில ஆக்ஸலேட் கல்லுன்னு டாக்டர் சொன்னவங்க பாலக், பீட்ரூட், தண்டுக்கீரை இதெல்லாம் அளவா வச்சுக்கிறது நல்லது.

சமைக்கிற விதத்துல சொல்ல ஒண்ணு ரெண்டு இருக்கு. நறுக்கிட்டுக் கழுவாதீங்க, கழுவிட்டு நறுக்குங்க. கோஸ், பீன்ஸை நிறைய தண்ணில வேக வச்சு வடிச்சுக் கொட்டுனா வைட்டமின் சி, ஃபோலேட் எல்லாம் அந்தத் தண்ணியோடயே போயிரும், தெளிச்சு மூடி வச்சு வேக விட்டாலே போதும், மிஞ்சுன தண்ணி ரசத்துக்கு. கேரட்டைப் பச்சையா கடிச்சாத்தான் சத்துன்னு ஒரு நம்பிக்கை இருக்கு. கண்ணுக்கு நல்லதுன்னு சொல்ற பீட்டா கரோட்டின் எண்ணெய்ல கரையுற சரக்கு, ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு தேங்காய் போட்டுப் பொரியல் பண்ணுனா பச்சையா தின்னுறதை விட நல்லாவே ஏறும். தக்காளியும் அப்படித்தான், எண்ணெய்ல வதங்குன தொக்குல லைக்கோபீன்ங்கிற அந்தச் செவப்புச் சத்து பச்சைத் தக்காளியை விட அதிகமா உடம்புக்குக் கிடைக்கும்.

சுகர்க்காரங்க பாகற்காய் ஜூஸ் பத்திக் கேப்பாங்க. பாகற்காய்ல சர்க்கரையை இறக்குற சமாச்சாரம் இருக்குன்னு சொல்றாங்க, ஆனா மனுஷங்களை வச்சுப் பண்ண ஆராய்ச்சிகள் ஒண்ணு போல ஒண்ணு சொல்லல. மாத்திரை போட்டுட்டு வெறும் வயித்துல டம்ளர் டம்ளரா குடிச்சா சுகர் ரொம்ப இறங்கி மயக்கம் வந்துரலாம். வெண்டைக்காயை நைட்டு ஊற வச்சுக் குடிக்கிறதை விட வெண்டைக்காயையே சாப்பிடுங்க, நார்ச்சத்து காய்க்குள்ளதான் முக்கால்வாசி இருக்கு. ஒரு கப் பொரியல் கூட வச்சு சோத்துல ஒரு கரண்டி குறைச்சா, அதுக்கு மேல எந்த ஜூஸும் வேண்டாம்.

ஜூஸ்னதும் ஞாபகம் வருது, இதை தயவு செஞ்சு கவனிங்க. சுரைக்காய் நல்ல காய், நீர்ச்சத்து, லேசா செரிக்கும். ஆனா ஒவ்வொரு சமயம் ஒரு காய் கசக்கும், அந்தக் கசப்பு குக்குர்பிட்டாசின்ங்கிற விஷம், வேக வச்சாலும் போகாது. 2010-ல டெல்லில ஒரு விஞ்ஞானி கசப்பு சுரைக்காய் ஜூஸ் குடிச்சு இறந்தே போயிட்டார், அதுக்கப்புறம் ஐசிஎம்ஆர் ஒரு குழுவே போட்டு, கசந்தா குடிக்காதீங்கன்னு சொன்னாங்க. வெளிய பாத்து எந்தக் காய் கசக்கும்னு எங்களாலயும் கண்டுபிடிக்க முடியாது. நறுக்குனதும் ஒரு சின்ன துண்டை நாக்குல வச்சுப் பாருங்க, கசந்தா துப்பிட்டு காயைத் தூக்கிப் போடுங்க, கடைல திரும்பக் குடுத்தாலும் மாத்திக் குடுப்போம், அதுக்கெல்லாம் நாங்க கோச்சுக்க மாட்டோம். வெள்ளரி, பீர்க்கைக்கும் இதே ரூல். குடிச்சப்புறம் வாந்தி, வயித்துப்போக்கு வந்தா வீட்டு வைத்தியம் பாக்காம நேரா ஆஸ்பத்திரி.

இன்னும் ரெண்டு பேர் ஜாக்கிரதையா இருக்கணும். இதய வால்வு மாத்திட்டு ரத்தம் உறையாம இருக்க அசிட்ரோம் மாதிரி மாத்திரை போடுறவங்க, கீரையில வைட்டமின் கே இருக்கிறதால ஒரு வாரம் நிறைய ஒரு வாரம் சுத்தமா இல்லன்னு சாப்பிடக் கூடாது, எப்பவும் ஒரே அளவா இருக்கணும். கிட்னி வேலை குறைஞ்சவங்க காய்ல இருக்கிற பொட்டாசியத்தைக் கணக்குப் பாத்து குறைச்சுக்க வேண்டியிருக்கும், அவங்க டயட்டீஷியன் சொல்ற மாதிரி காயைத் தண்ணில ஊற வச்சு, வேக வச்சு வடிச்சுத்தான் சாப்பிடணும், நான் மேல சொன்ன தண்ணி விஷயம் அவங்களுக்கு நேர் தலைகீழ்.

ப்ராக்கோலி நல்ல காய்தான், கோஸ் குடும்பம், வைட்டமின் சி நிறைய. ஆனா அந்த ஒரு பூ வாங்குற காசுக்கு ரெண்டு கட்டு கீரை, கால் கிலோ அவரை, கொஞ்சம் கொத்தவரங்காய் வாங்கிட்டு சில்லறையும் வாங்கிட்டுப் போகலாம். எது நல்லதுங்கிறதை விட எவ்வளவு சாப்பிடுறோம்ங்கிறதுல நாம ரொம்பப் பின்னாடி இருக்கோம். 2024-ல ஐசிஎம்ஆர் போட்ட தட்டுக் கணக்குல ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு கீரையும் சேர்த்து காய் 400 கிராம். நாலு பேர் இருக்கிற வீட்டுக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல வருது, எங்க கடைல நாலு பேர் வீட்டுக்கு சர்வசாதாரணமா வாங்குறது அரைக் கிலோ, அதுலயும் பாதி உருளைக்கிழங்கு. உருளை அந்த 400-ல சேராது, அது சோத்துக் கணக்கு.