பாட்டுக்கு வாசிப்பதா, நம் பாணியில் வாசிப்பதா?

தனக்கென்று ஒரு பாணி வேண்டுமா, பாட்டுக்கு எது தேவையோ அதை மட்டும் வாசித்தால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பல வருடமாக பேஸ் கிட்டார் வாசிக்கிறேன், பாட்டுக்குத்தான் முதலிடம் என்பேன். அதற்காக உங்கள் பாணியைக் கழற்றி வைக்க வேண்டியதில்லை, கழற்றவும் முடியாது.

முதன்முதலாக ஒரு பாட்டுப் பதிவில் வாசித்தபோது, பாடகர் வரியை முடித்து மூச்சு வாங்குகிற ஒவ்வொரு இடைவெளியிலும் ஒரு ஃபில், அதாவது இடைவெளியை நிரப்புகிற சின்ன வாசிப்பு, போட்டு நிரப்பினேன். வாசிக்கும்போது பிரமாதமாக இருந்தது. போட்டுக் கேட்டால், வரியின் கடைசிச் சொல் இழைந்து அடங்குகிற இடம், கேட்பவர் மனதில் அது இறங்க வேண்டிய அந்த ஒன்றரை நொடி, முழுக்க என் வாசிப்புதான் கேட்டது. அந்தப் பாட்டின் உயிரே அங்கேதான் இருந்தது. திரும்ப வாசித்தேன். ரூட் நோட்டை, அதாவது அந்தக் கார்டின் அடிப்படை ஸ்வரத்தை, மட்டும் பிடித்து, டிரம் செட்டின் ஸ்னேர் டிரம்மில் அடி விழுகிற கணத்தில் கம்பியைக் கையால் அணைத்து நிறுத்தினேன். குரலுக்கு இடம் கிடைத்தது. நோட்டை எங்கே நிறுத்துகிறோம் என்பதில் ஆளுக்கு ஆள் வித்தியாசம் இருக்கிறது, என் பாணி அதில் இருக்கிறது என்று அன்றுதான் புரிந்தது.

அப்புறம், பாட்டுக்கு வாசிப்பது என்றாலே குறைவாக வாசிப்பது என்று பலர் சொல்வார்கள், அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 1960களில் அமெரிக்காவின் மோடவுன் இசை நிறுவனப் பாடல்களுக்கு பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனைக் கேளுங்கள். ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே மீட்டியவர், துள்ளித் துள்ளி ஓடுவார், நோட்டுகளுக்குப் பஞ்சமே இருக்காது, ஆனாலும் குரல் மறையாது. பீட்டில்ஸ் குழுவின் டிரம்மர் ரிங்கோ ஸ்டார் இடது கைக்காரர், வலது கைக்காரர்களுக்கான டிரம் செட்டில் வாசித்தவர். கை நகரும் வரிசையே மாறியதால் அவருடைய ஃபில்களுக்குத் தனி நடை வந்துவிட்டது. அவர் அதைத் தேடிப் போகவில்லை, கைவாகு அப்படி.

சரி, என்ன செய்யலாம்? புதுப் பாட்டு வந்தால் வாத்தியத்தைத் தொடாமல் முதலில் நீங்களே பாடிப் பாருங்கள், எங்கே மூச்சு, எந்தச் சொல்லில் அழுத்தம் என்று தெரிந்துவிடும். கிட்டார், கீபோர்டு வாசிப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம், ஏனென்றால் குரல் இருக்கிற அதே நடு ஸ்தாயியில்தான் அவையும் அதிகம் ஒலிக்கின்றன, இரண்டும் முட்டிக்கொள்ளும். உங்களுக்குப் பிடித்த ஃபில்லை உடனே வெட்ட வேண்டாம். ஒரு ஸ்தாயி மேலே ஏற்றி வாசித்துப் பாருங்கள், பல நேரம் அதுவே போதும்.