வெளுத்த கத்தரி

கேள்வி: மக்காச்சோளத் தட்டையை நறுக்கிக் குழியில் போட்டு, ஒன்றரை மாதத்தில் எடுத்துக் கத்தரிக்கு வைத்தேன். பத்தே நாளில் இலையெல்லாம் மஞ்சளடித்துவிட்டது. உரம் போட்டால் இப்படியும் ஆகுமா?
– ஒரு வாசகி, ஒட்டன்சத்திரம்

பதில்: ஆகும். எனக்கும் முதல் வருஷம் ஒரு பாத்தித் தக்காளி வெளுத்துப்போனது. உங்கள் உரம் பாதிதான் மட்கியிருக்கிறது, அவ்வளவுதான். மக்காச்சோளத் தட்டையில் தழைச்சத்தைப் (நைட்ரஜன்) போல சுமார் 60 மடங்கு கரிச்சத்து (கார்பன்) உண்டு. அதைத் தின்னும் நுண்ணுயிர்கள், பற்றாத தழைச்சத்தை மண்ணிலிருந்து இழுத்துக்கொள்ளும். செடி பட்டினி கிடக்கும்.

சரி, இப்போதைக்குக் கடலைப் பிண்ணாக்கை ஊறவைத்து, தெளிந்த நீரில் ஒரு பங்குக்குப் 10 பங்கு தண்ணீர் கலந்து வாரம் ஒருமுறை தூரில் ஊற்றுங்கள். புதுத் துளிர் பச்சையாக வரும். பழுத்த இலையைப் பார்த்துக் கவலைப்படாதீர்கள்.

அடுத்த முறை ஒரு சாண் தட்டைக்கு மேல் நாலு விரல் சாணமும், தழையுரத்துக்கு வளர்க்கும் கிளைரிசிடியா மரத்தின் தழையும் போடுங்கள். 15 நாளுக்கொருமுறை புரட்டுங்கள். ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் விரலிடுக்கில் ஈரம் கசியணும், சொட்டக் கூடாது. மூன்று மாதம் கழித்து முகர்ந்து பாருங்கள். மழை பெய்த மண்வாசம் வந்தால் எடுக்கலாம். சாண வாடை அடித்தால் மூடி வையுங்கள்.