உங்கள் வரைவை யார் படிக்கிறார்கள்?

வணக்கம்.

ஒரு தொண்டு நிறுவனத்தில் திட்ட மதிப்பீட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பிரிவு என்று பெயர்தானே தவிர, அதில் இருப்பது நான் ஒருத்திதான். படித்தது புள்ளியியல். லாக்ஃபிரேம் (திட்டத்தின் இலக்குகளும் அளவீடுகளும் அடங்கிய அட்டவணை) போடுவது, பேஸ்லைன் (திட்டத்துக்கு முந்தைய நிலைமையின் தரவு) எடுப்பது, அறிக்கை எழுதுவது எல்லாம் வேலைக்கு வந்த பிறகு நானாகக் கற்றுக்கொண்டவை. செய்வது சரியா என்று சொல்ல அலுவலகத்தில் ஆள் இல்லை. அறிக்கை நன்றாக வந்திருக்கிறது என்று இயக்குநர் பாராட்டினால், முடிவுகள் அவருக்குச் சாதகமாக இருக்கின்றன என்பதுதான் அதன் பொருளோ என்று தோன்றுகிறது. சான்றிதழ்ப் படிப்பு ஏதாவது படிக்கலாமா? மதிப்பீட்டாளர் சங்கங்கள், மாநாடுகள் என்று கேள்விப்படுகிறேன். அவற்றால் உண்மையிலேயே பயன் உண்டா, இல்லை விசிட்டிங் கார்டு மாற்றிக்கொள்ளும் இடங்கள்தானா? சொந்தக் காசைப் போட்டுத்தான் போகவேண்டியிருக்கும், அதனால்தான் கேட்கிறேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

இயக்குநரின் பாராட்டைப் பற்றி எழுதியிருந்தீர்களே, அந்த வரிக்காகத்தான் இந்தப் பதிலைப் பொதுவில் எழுதுகிறேன். பாராட்டைச் சந்தேகப்படத் தெரிந்தவர் இந்த வேலைக்குப் பொருத்தமானவர். ஆனால் அந்தச் சந்தேகத்தை யாரிடமும் சொல்லாமல் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டால், கொஞ்ச நாளில் அது தன்னம்பிக்கையைத் தின்றுவிடும், இல்லாவிட்டால் பழகி மரத்துப்போகும். இரண்டும் நடப்பதைப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் தனிமைக்கு நிறுவனம் சின்னது என்பது மட்டும் காரணமில்லை. இந்த வேலையின் அமைப்பே அப்படி. திட்டத்தை நடத்துகிறவர்களுக்கு நீங்கள் குறை கண்டுபிடிக்க வந்தவர், நிதி கொடுப்பவர்களுக்கு நீங்கள் நிறுவனத்தின் ஆள், பயனாளிகளுக்கோ கையில் படிவத்தோடு வந்து நிற்கும் இன்னொருவர். மூன்று தரப்போடும் நல்ல உறவு வேண்டும், ஆனால் அறிக்கை முடியும்வரை மூவரிடமும் மனம்விட்டுப் பேச முடியாது. அதனால் மற்ற தொழில்களில் சக ஊழியர்கள் செய்கிற வேலையை இங்கே வெளியில் இருக்கும் சக மதிப்பீட்டாளர்கள்தான் செய்ய வேண்டியிருக்கிறது. என்னைக் கேட்டால், எந்தப் படிப்புக்கும் முன்னால் நீங்கள் தேட வேண்டியது இரண்டு மூன்று பேரை: உங்கள் வரைவைப் படிப்பவர்கள், தங்கள் வரைவை உங்களுக்குப் படிக்கத் தருபவர்கள்.

அது என்ன செய்யும் என்று ஒரு உதாரணத்தோடு சொல்கிறேன். ஒரு தொழிற்பயிற்சித் திட்டத்துக்கான கேள்வித்தாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ‘இந்தப் பயிற்சி உங்களுக்குப் பயனுள்ளதாக இருந்ததா?’ என்று ஒரு கேள்வி, கீழே ‘மிகவும்’, ‘ஓரளவு’, ‘இல்லை’ என்று மூன்று கட்டங்கள். புள்ளியியல் படித்த நீங்கள் சாம்பிள் அளவு போதுமா, எடுத்த முறை சரியா என்று பார்ப்பீர்கள், இரண்டும் சரியாகவே இருக்கும். வெளியிலிருந்து படிக்கிற ஒருவர் கேட்பது வேறு. இந்தக் கேள்வியைக் கேட்கப்போவது யார்? பயிற்சி கொடுத்தவரே என்றால், முகத்துக்கு நேரே ‘இல்லை’ என்று யார் சொல்வார்கள்? எப்போது கேட்கிறீர்கள், உதவித்தொகை கைக்கு வருவதற்கு முன்பா பின்பா? பாதியில் நின்றுபோனவர்கள் உங்கள் பட்டியலில் இருக்கிறார்களா? கேள்வியை ‘கற்றுக்கொண்டதைக் கடைசியாக எப்போது பயன்படுத்தினீர்கள், என்ன செய்தீர்கள்?’ என்று மாற்றி, திட்டத்தோடு சம்பந்தமில்லாத ஒருவரை அனுப்பி, நின்றுபோனவர்களிடமும் கேட்கச் சொன்னால், கிடைக்கும் பதிலே வேறாக இருக்கும். இதில் எதுவும் உங்களுக்குத் தெரியாதது இல்லை. வாரக்கணக்கில் அந்தத் தாளோடு உட்கார்ந்திருந்த கண்ணுக்கு அது படாது, அவ்வளவுதான்.

சரி, படிப்புக்கு வருவோம். அமெரிக்க மதிப்பீட்டாளர் சங்கம் 2018-இல் ஒரு மதிப்பீட்டாளருக்கு வேண்டிய திறன்களை ஐந்து பிரிவுகளாக வகுத்தது: தொழில்முறை நடத்தை, ஆய்வு முறைகள், சூழலைப் புரிந்துகொள்வது, திட்டமிடலும் நிர்வாகமும், மனிதர்களோடு பழகுவது. இதில் நீங்கள் கல்லூரியில் படித்தது இரண்டாவதில் ஒரு பகுதிதான். உங்களை மட்டம் தட்ட இதைச் சொல்லவில்லை, எண்களில் பலமாக இருக்கும் பலர் காசு கட்டி மறுபடியும் எண்கள் சம்பந்தமான படிப்பிலேயே போய்ச் சேருகிறார்கள், அது பழக்கப்பட்ட இடம் என்பதால். அந்தப் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு திறனுக்கும் எதிரே நீங்கள் செய்த ஒரு வேலையை எழுதிப் பாருங்கள். எழுத ஒன்றும் கிடைக்காத இடங்கள்தான் உங்கள் பாடத்திட்டம். கனடா மதிப்பீட்டுச் சங்கம் தருகிற தகுதிச் சான்றும் ஏறக்குறைய இப்படித்தான்: படிப்பு, அனுபவம், திறன்கள் ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் காட்டி விண்ணப்பிக்க வேண்டும். நீங்கள் விண்ணப்பிக்காவிட்டாலும் அந்தப் பயிற்சி வீண்போகாது.

காசு செலவழிப்பதற்கு முன் இலவசமாகக் கிடைப்பதை முடித்துவிடுங்கள். பெட்டர் இவால்யுவேஷன் என்ற இணையதளத்தில் மதிப்பீட்டின் ஒவ்வொரு கட்டத்துக்கும் என்னென்ன முறைகள் உண்டு, எதை எப்போது எடுப்பது என்று பிரித்துப் போட்டிருக்கிறார்கள், முதல் நாள் பார்த்தால் தலை சுற்றும், கையில் இருக்கிற வேலைக்கு வேண்டியதை மட்டும் படித்தால் போதும். வெஸ்டர்ன் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மதிப்பீட்டு மையம் வெளியிட்டிருக்கும் செக்லிஸ்ட்டுகள் ஒப்பந்தம் போடுவதிலிருந்து அறிக்கை எழுதுவதுவரை உதவும். ஆண்டுதோறும் ஜூன் வாக்கில் ‘குளோக்கல்’ மதிப்பீட்டு வாரம் என்று ஒன்று 2019-இலிருந்து நடக்கிறது, பல நாட்டு அமைப்புகள் அவரவர் மொழியில் நடத்தும் அமர்வுகள், பெரும்பாலும் இணையவழி. அப்புறம் வளர்ந்த நாடுகளின் கூட்டமைப்பான ஓ.இ.சி.டி.யின் வளர்ச்சி உதவிக் குழு (டி.ஏ.சி) வகுத்த மதிப்பீட்டு அளவுகோல்கள். மதிப்பீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் பணிக்குறிப்பான டி.ஓ.ஆரில் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு ஒட்டுகிற அதே பட்டியல்தான். 1991-இல் ஐந்தாக இருந்தது, 2019-இல் ஒத்திசைவு என்ற ஆறாவதைச் சேர்த்தார்கள், கூடவே எல்லா அளவுகோலையும் எல்லா மதிப்பீட்டிலும் இயந்திரத்தனமாகப் போடாதீர்கள் என்றும் எழுதினார்கள். அந்தச் சிறிய ஆவணத்தை முழுசாகப் படித்திருந்தால், உங்களுக்கு வருகிற டி.ஓ.ஆரில் எதை விடலாம் என்று நிதி கொடுப்பவரிடம் தைரியமாகப் பேச முடியும்.

பணம் கட்டிப் படிப்பதென்றால், இரண்டு வகையைப் பிரித்துப் பாருங்கள். திட்டம் யாருக்கு, யாருக்கு இல்லை என்று குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிடும் சீரற்ற ஒதுக்கீட்டுச் சோதனை மாதிரியான தாக்க மதிப்பீடுதான் உங்கள் நிறுவனம் செய்யப்போவது என்றால் ஜே-பால் என்ற வறுமை ஒழிப்பு ஆய்வு மையத்து ஆட்களின் இணையப் படிப்புகள் கறாரானவை. மதிப்பீட்டை முழுமையாக, ஒரு தொழிலாகக் கற்க வேண்டுமென்றால் 2001-இல் உலக வங்கியும் கார்ல்டன் பல்கலைக்கழகமும் தொடங்கி, இப்போது சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் நடக்கும் ஐப்டெட் என்ற மதிப்பீட்டுப் பயிற்சித் திட்டம் மாதிரியானவை. செலவு அதிகம். நிறுவனம் கொடுத்தாலோ உதவித்தொகை கிடைத்தாலோ போங்கள், கடன் வாங்கிப் போக வேண்டாம் என்பது என் கருத்து.

சங்கங்களைப் பற்றிக் கேட்டீர்கள். கனடாவில் 1981, அமெரிக்காவில் 1986, ஆப்பிரிக்காவுக்கென்று 1999 என ஒவ்வொன்றாகத் தோன்றி, 2003-இல் இவற்றுக்கெல்லாம் பொதுவாக ஐ.ஓ.சி.இ என்ற உலகக் கூட்டமைப்பும் வந்துவிட்டது. 2015-ஐ உலக மதிப்பீட்டு ஆண்டாகவே கொண்டாடினார்கள். அந்த ஆண்டு உருவான இவால்யூத் இளம் மதிப்பீட்டாளர்களுக்காகவே இருப்பது, அனுபவசாலிகளோடு இணைத்துவிடும் வழிகாட்டல் திட்டமும் நடத்தியிருக்கிறார்கள், முதலில் அங்கே பாருங்கள். பெரிய சங்கத்தில் சேர்ந்தால் அதற்குள் இருக்கும் துறைவாரிக் குழுவில் போய் உட்காருங்கள். ஆயிரக்கணக்கான உறுப்பினர்களுக்கு நடுவே ஆளே தெரியாது, சின்னக் குழுவில் ஒரு வேலையை ஏற்றுக்கொண்டால், கூட்டக் குறிப்பு எழுதுவதாகவே இருந்தாலும், சீக்கிரம் உங்கள் பெயர் நாலு பேருக்குத் தெரிந்துவிடும்.

மாநாடு விசிட்டிங் கார்டு இடமாகிவிடுவது போகிறவர் கையில்தான் இருக்கிறது. நிகழ்ச்சி நிரல் வந்ததும், உங்கள் துறையில் பேசப்போகும் ஓரிருவரின் அறிக்கைகளை முன்கூட்டியே தேடிப் படியுங்கள். சுருக்கத்தை விட்டுவிட்டு முறையியல் அத்தியாயத்தையும் பின்னிணைப்பில் இருக்கும் கேள்வித்தாளையும் படியுங்கள். படித்தால் நிச்சயம் ஒரு கேள்வி வரும்: ஒப்பீட்டுக் குழுவை ஏன் அந்த மாவட்டத்தில் எடுத்தீர்கள், குழு உரையாடலில் பெண்களைத் தனியாக ஏன் உட்கார வைக்கவில்லை, இப்படி. அதைத் தேநீர் இடைவேளையில் கேளுங்கள். ‘எனக்கு வழிகாட்டியாக இருப்பீர்களா’ என்ற வேண்டுகோளுக்கு மழுப்பலான புன்னகைதான் கிடைக்கும், தன் பின்னிணைப்பைப் படித்துவிட்டு வந்திருக்கும் ஒருவரிடம் பேச யாருக்கும் நேரமிருக்கும். மாநாட்டுக்கே போகாமல் மின்னஞ்சலிலும் இதைச் செய்யலாம், செலவில்லை.

வரைவைப் பகிரும்போது ஒரு விஷயத்தில் கறாராக இருங்கள். பயனாளிகளின் தரவை யாருக்கும் அனுப்பக் கூடாது. ஒப்பந்தம் என்ன சொல்கிறது என்று பார்த்து, நிறுவனத்தின் அனுமதியோடு, பெயர்களையும் ஊர்களையும் எடுத்துவிட்டு, மதிப்பீட்டு மேட்ரிக்ஸையும் (எந்தக் கேள்விக்கு எங்கிருந்து, எப்படித் தரவு எடுப்பது என்ற அட்டவணை) கேள்வித்தாளையும் மட்டும் பகிர்ந்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

இந்த நண்பர்கள் உண்மையில் தேவைப்படப்போவது முடிவுகள் கசப்பாக வரும் நாளில். அமெரிக்கச் சங்க உறுப்பினர்களிடம் நடத்தி 2013-இல் வெளியான ஒரு ஆய்வில், பதில் சொன்னவர்களில் பத்துக்கு நான்கு பேர் முடிவுகளைத் திரித்துச் சொல்லும்படி தங்களுக்கு நெருக்கடி வந்ததாகச் சொன்னார்கள். நெருக்கடி மிரட்டலாக வருவது அபூர்வம். ‘இந்த வாக்கியத்தைக் கொஞ்சம் மென்மையாகப் போடலாமே’ என்று அன்பாகத்தான் வரும். அதில் பாதி நியாயமான கோரிக்கையாகவும் இருக்கும், எது தொனியை மாற்றுவது, எது முடிவையே பூசி மெழுகுவது என்று அந்த நேரத்தில், அந்த அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு, சம்பளம் தருபவர் எதிரே இருக்கும்போது தனியாகப் பிரித்துப் பார்ப்பது மிகவும் கடினம். பழைய வாக்கியம், புதிய வாக்கியம், அதற்கு ஆதாரமான அட்டவணை மூன்றையும் வெளியிலிருக்கும் ஒருவருக்கு அனுப்பி, ‘இரண்டும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கின்றனவா?’ என்று கேட்டால் போதும். பதில் எப்படி வந்தாலும் மறுநாள் கூட்டத்தில் உங்கள் குரல் நடுங்காது. பெயர்களை நீக்குவது அங்கேயும் பொருந்தும்.

உங்கள் அடுத்த மதிப்பீடு எப்போது தொடங்குகிறது என்று நீங்கள் எழுதவில்லை. மேட்ரிக்ஸ் தயாரானதும், அனுமதி வாங்கிக்கொண்டு அனுப்புங்கள். கேள்வித்தாளை களத்துக்கு எடுத்துப்போவதற்கு இரண்டு வாரமாவது முன்னால் வந்தால்தான் நான் சொல்வதைப் பார்த்துத் தாளைத் திருத்த உங்களுக்கு நேரமிருக்கும்.