எந்தக் கட்டத்தில் நிற்கிறது உங்கள் ஏர்லைன்?

வாசகர் கேள்வி – பதில்

ஆப்பிரிக்காவில் புதிதாகத் தொடங்கும் விமான நிறுவனங்களில் விமானி வேலை பற்றி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: மேற்கு ஆப்பிரிக்காவில் தொடங்கவிருக்கும் ஒரு நிறுவனம் என்னை போயிங் 737 ஃபர்ஸ்ட் ஆபீசராக (துணை விமானியாக) தேர்வு செய்திருக்கிறது. மூன்று மாதத்தில் பறக்கப் போகிறோம் என்கிறார்கள். விமானம் இன்னும் வரவில்லை. இந்தத் தேதியை எவ்வளவு நம்பலாம்?

பதில்: தேதியை அறிவிப்பது நிறுவனம், பறக்க விடுவது அந்த நாட்டு விமானப் போக்குவரத்து ஆணையம். அதனால் தேதியை ஓரமாக வைத்துவிட்டு, “உங்கள் ஏஓசி எந்தக் கட்டத்தில் இருக்கிறது?” என்று கேளுங்கள். ஏஓசி என்பது பயணிகளை ஏற்றிப் பறக்கும் தகுதி அந்த நிறுவனத்துக்கு உண்டு என்று ஆணையம் தரும் சான்றிதழ். ஐ.நா.வின் சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோவின் வழிகாட்டுதலை ஒட்டி, நைஜீரியா, கென்யா, உகாண்டா உட்படப் பல நாடுகளில் இதை ஐந்து கட்டமாக நடத்துகிறார்கள்.

முதல் கட்டம் பேச்சுவார்த்தை. இரண்டாவது, முறையான விண்ணப்பம். மூன்றாவதில் ஆவணங்களைப் பரிசோதிப்பார்கள். நான்காவதில் நேரில் வந்து பார்ப்பார்கள், பறந்தும் காட்டச் சொல்வார்கள். ஐந்தாவதில் சான்றிதழ் கைக்கு வரும். விண்ணப்பம் கொடுத்து 90 நாளில் முடியும் என்று காகிதத்தில் கணக்குப் போடலாம். முதன்முறையாகத் தொடங்கும் நிறுவனத்துக்கு அது நடந்தால் அதிசயம்.

அதிகம் மாட்டிக்கொள்வது மூன்றாம் கட்டத்தில்தான். இயக்கக் கையேடு, பயிற்சிக் கையேடு, பராமரிப்புக் கையேடு, பாதுகாப்பு மேலாண்மைக் கையேடு, எம்இஎல் (எந்தெந்தக் கருவி பழுதாக இருந்தாலும் பறக்கலாம் என்ற பட்டியல்) என்று அடுக்கடுக்காகக் கொடுக்க வேண்டும். பணத்தை மிச்சம் பிடிக்க இன்னொரு நிறுவனத்தின் கையேட்டை வாங்கிப் பெயரை மட்டும் மாற்றிக் கொடுப்பவர்கள் உண்டு. அதில் எங்காவது தங்களிடம் இல்லாத விமான வகையின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆய்வாளர் அதைப் பிடித்துவிட்டால் மொத்தக் கட்டும் திரும்பி வரும்.

இன்னொரு பெரிய தடங்கல் பொறுப்பாளர்கள். நிர்வாகப் பொறுப்பாளர், விமான இயக்கத் தலைவர், தலைமை விமானி, பராமரிப்புத் தலைவர், பாதுகாப்பு, தரம் ஆகியவற்றுக்கான மேலாளர்கள் என ஒவ்வொருவரையும் ஆணையம் தனித்தனியே ஏற்க வேண்டும். சம்பளம் வராமல் இவர்களில் ஒருவர் விலகினால், புதியவரைத் தேடி, ஒப்புதல் வாங்கி, கையேட்டில் பெயர் மாற்றுவதற்குள் ஒன்றிரண்டு மாதம் ஓடிவிடும். தலைமை விமானி எத்தனை நாளாக அந்த நாற்காலியில் இருக்கிறார் என்பதையும் விசாரித்துவிடுங்கள். ஓராண்டில் அவர் மூன்றாவது ஆள் என்றால் வேறு எதையும் கேட்க வேண்டியதில்லை.

நிறுவனம் இன்னும் இரண்டாம் கட்டத்தில் இருந்தால் மூன்று மாதம் என்பது வெறும் ஆசை. நான்காம் கட்டத்தில், ஒரு விமானமாவது அந்த நாட்டுப் பதிவு எண்ணோடு நின்றால், தேதியைக் கொஞ்சம் நம்பலாம்.

கேள்வி: சான்றிதழே இல்லாதபோது விமானிகளை எதற்கு இவ்வளவு சீக்கிரம் எடுக்கிறார்கள்?

பதில்: விமானிகள் இல்லாமல் அந்தச் சான்றிதழ் கிடைக்காது. நான்காம் கட்டத்தில் பயணிகள் இல்லாமல் சோதனைப் பயணங்கள் பறந்து காட்ட வேண்டும். எத்தனை மணி நேரம் என்பதை ஆணையம் சொல்லும். அதற்கு அந்த நிறுவனத்தின் கையேட்டின்படி பயிற்சி முடித்த கேப்டன்களும் ஃபர்ஸ்ட் ஆபீசர்களும் கேபின் பணியாளர்களும் வேண்டும். அவசர வெளியேற்ற ஒத்திகையும் உண்டு. அமெரிக்க விதிகளைத் தழுவிய நாடுகளில், கேபின் பணியாளர்கள் 15 விநாடிக்குள் கதவைத் திறந்து சறுக்குப் பாதையைத் தயாராக்க வேண்டும். கதவு சிக்கினாலோ, ஒருவர் கட்டளையை மறந்தாலோ, இன்னொரு நாள் குறித்துத் திரும்பச் செய்ய வேண்டும்.

எத்தனை பேர் தேவை என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. ஒரு விமானம் நாளுக்கு 10 மணி நேரம் பறந்தால் ஆண்டுக்கு 3,650 மணி நேரம். விமானிக்கு ஆண்டு உச்சவரம்பு பல நாடுகளில் 900 அல்லது 1,000 மணி நேரம். விடுப்பு, சிமுலேட்டர் (தரையில் இருந்தபடியே விமானம் ஓட்டப் பழகும் இயந்திரம்) பயிற்சி, காத்திருப்புப் பணி போக ஒருவரிடம் நடைமுறையில் 730 மணி நேரம் கிடைக்கும் என்று வைத்தால், ஐந்து கேப்டன்கள், ஐந்து ஃபர்ஸ்ட் ஆபீசர்கள். இரண்டு விமானம் என்றால் இருபது பேர். இவர்களில் இரண்டு மூன்று பேராவது பயிற்றுநர் தகுதி உள்ள கேப்டன்களாக இருந்தாக வேண்டும். உலகம் முழுக்கத் தட்டுப்பாடு அவர்களுக்குத்தான். ‘விமானிகள் கிடைக்கவில்லை, அதனால் தாமதம்’ என்று ஒரு நிறுவனம் சொன்னால், பெரும்பாலும் பயிற்றுநர் கிடைக்கவில்லை என்று பொருள்.

கேள்வி: விமானம் வந்து இறங்கிவிட்டது, வால் பகுதியில் புதிய சின்னமும் தீட்டியாகிவிட்டது. பிறகும் ஏன் மாதக்கணக்கில் நிற்கிறது?

பதில்: வண்ணம் பூசுவது ஒரு வார வேலை. அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

நைஜீரிய அரசு தொடங்கத் திட்டமிட்ட நைஜீரியா ஏர் இதற்குச் சரியான உதாரணம். 2018 ஜூலையில் ஃபார்ன்பரோ விமானக் கண்காட்சியில் சின்னத்தை வெளியிட்டார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் திட்டம் நிறுத்திவைக்கப்பட்டது. பிறகு 2023 மே 26 அன்று, ஆட்சி மாறுவதற்கு மூன்று நாள் முன்னால், அந்தச் சின்னத்தோடு ஒரு போயிங் 737 அபுஜாவில் வந்து இறங்கியது. அது எத்தியோப்பியன் ஏர்லைன்ஸின் விமானம். நைஜீரியா ஏருக்கு அப்போது ஏஓசி கிடையாது. காட்டிவிட்டுத் திரும்பப் பறந்தது. சில மாதங்களில் புதிய அரசு திட்டத்தை மறுபடி நிறுத்தியது.

உண்மையிலேயே தொடங்கிய நிறுவனத்துக்கும் இடைவெளி உண்டு. 2001இல் மூடப்பட்ட உகாண்டா ஏர்லைன்ஸ் மீண்டும் உயிர்பெற்றபோது, முதல் இரண்டு சிஆர்ஜே 900 விமானங்கள் 2019 ஏப்ரலில் எண்டெபி வந்தன. பயணிகளோடு நைரோபிக்கு முதல் விமானம் கிளம்பியது ஆகஸ்ட் 28 அன்று. அரசின் முழு ஆதரவோடும், தொழிற்சாலையிலிருந்து நேராக வந்த புத்தம்புது விமானங்களோடும் நான்கு மாதம். பழைய விமானத்தைக் குத்தகைக்கு எடுக்கும் தனியார் நிறுவனம் இதைவிட விரைவாக முடிக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பழைய நாட்டுப் பதிவை நீக்க வேண்டும், பராமரிப்பு ஆவணங்கள் முழுதாக இருக்க வேண்டும், குத்தகைக்கு விடுபவருக்கு முன்பணம் டாலரில் போய்ச் சேர வேண்டும். டாலர் கிடைக்காத நாட்டில் கடைசியாகச் சொன்னதுதான் முதல் சிக்கல்.

கேள்வி: ஒப்பந்தம் போட்டு ஐந்து மாதம். பயிற்சி முடிந்தது, வேலை தொடங்கவில்லை, சம்பளமும் இல்லை. என் டைப் ரேட்டிங் (ஒரு குறிப்பிட்ட வகை விமானத்தை ஓட்டும் தகுதி) என்ன ஆகும்?

பதில்: இந்தத் தாமதத்தில் நிறுவனம் இழப்பது பணம். நீங்கள் இழப்பது தகுதி. கடைசி 90 நாளில் அந்த வகை விமானத்தில் மூன்று முறை மேலெழும்பித் தரையிறங்கியிருக்க வேண்டும். அந்தக் கெடு முடிந்துவிட்டதால் நீங்கள் இப்போது பயணிகளோடு பறக்க முடியாது. சிமுலேட்டரில் சரிசெய்துகொள்ளலாம் என்பதால் இது சின்ன விஷயம். பெரியது அடுத்தது. ஐரோப்பிய முறையில் டைப் ரேட்டிங் 12 மாதத்தில் காலாவதியாகும். நிறுவனத்தின் திறன் தேர்வு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. முதல் வகுப்பு மருத்துவச் சான்று 12 மாதம், 60 வயதைத் தாண்டியவர்களுக்கு ஆறு மாதம். இந்த நான்கு தேதியையும் ஒரு தாளில் எழுதி, எது முதலில் முடிகிறதோ அதற்கு ஆறு வாரம் முன்பே நிறுவனத்துக்கு எழுத்தில் கேளுங்கள்: சிமுலேட்டர் செலவு யாருடையது?

புதிதாக ரேட்டிங் எடுத்து, ஜெட்டில் முன் அனுபவம் இல்லாதவர்களுக்கு இன்னொரு பொறி. சிமுலேட்டர் முடிந்ததும் நிஜ விமானத்தில் வழக்கமாக ஆறு முறை மேலெழும்பித் தரையிறங்கினால்தான் உரிமத்தில் ரேட்டிங் ஏறும். நிறுவனத்தில் விமானமே இல்லையென்றால்? அரைகுறைப் பயிற்சியோடு நிற்பீர்கள். வேறு நிறுவனம் அதை எளிதில் ஏற்காது. விமானம் வருவதற்கு முன் சிமுலேட்டருக்குப் போக வேண்டாம் என்று அனுபவமில்லாதவர்களுக்குச் சொல்வது இதனால்தான்.

இனி ஒப்பந்தம் போடப்போகிறவர்கள் கவனிக்க: சம்பளம் ‘சேவை தொடங்கும் நாளிலிருந்து’ என்று எழுதியிருந்தால் கையெழுத்து வேண்டாம். ‘தரைப் பயிற்சியின் முதல் நாளிலிருந்து’ என்று மாற்றச் சொல்லுங்கள். குறைந்தது, குறிப்பிட்ட தேதிக்குப் பிறகு காத்திருப்புச் சம்பளம் என்றாவது இருக்க வேண்டும். எந்த நாணயத்தில் என்பதும் முக்கியம். நைஜீரிய நாணயமான நைராவில் ஒப்பந்தம் போட்டவர்களுக்கு 2023 ஜூனுக்கு முன் ஒரு டாலர் சுமார் 460 நைரா. 2024 பிப்ரவரியில் 1,500ஐத் தாண்டியது. சம்பளச் சீட்டில் எண் அப்படியேதான் இருந்திருக்கும்.

பழைய வேலையை எப்போது விடுவது என்றும் சிலர் கேட்டிருக்கிறார்கள். பயிற்சி மையத்தின் பெயரும் வகுப்பு தொடங்கும் நாளும் எழுத்தில் வந்து, விசாவும் கையில் வந்த பிறகு.

கேள்வி: டைப் ரேட்டிங்குக்கு முன்பணம் கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா?

பதில்: ஏஓசி இல்லாத நிறுவனத்துக்கு ஒரு காசும் வேண்டாம். கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையத்துக்கு நேரடியாகக் கட்டி, ரசீதை உங்கள் பெயரில் வாங்குங்கள். நல்ல நிறுவனம் செலவைத் தானே ஏற்று, இரண்டு மூன்று ஆண்டுக்கு பாண்ட் (இடையில் விலகினால் பயிற்சிச் செலவைத் திருப்பித் தருவேன் என்ற உறுதி) எழுதி வாங்கும். பாண்ட் தொகை மாதாமாதம் குறைய வேண்டும். குறிப்பிட்ட தேதிக்குள் நிறுவனம் பறக்கத் தொடங்காவிட்டால் பாண்ட் செல்லாது என்ற வரியும் வேண்டும். இந்த ஒரு வரியை ஏற்க மறுப்பவர்கள் தங்கள் தேதியைத் தாங்களே நம்பவில்லை.

கேள்வி: ஜெட் விமானம் என்று அழைத்தார்கள். இப்போது ஏடிஆர் (ப்ரொப்பெல்லரில் பறக்கும் சிறிய விமானம்) என்கிறார்கள். ஏமாற்றா?

பதில்: அவசியம் அப்படி இல்லை. நைஜீரியாவின் கிரீன் ஆப்பிரிக்கா 2018 டிசம்பரில் 100 போயிங் 737 மேக்ஸ் வரை வாங்குவதாக அறிவித்தது. 2020 பிப்ரவரியில் 50 ஏர்பஸ் ஏ220 என்றது. 2021 ஆகஸ்டில் பறக்கத் தொடங்கியது ஏடிஆர் 72-600இல். இடையில் மேக்ஸ் விமானங்கள் பறக்க உலகெங்கும் தடை வந்தது, கொரோனாவும் வந்தது. ஒரு மணி நேர உள்நாட்டுத் தடங்களுக்கு ஏடிஆர் போன்ற டர்போபிராப் எரிபொருளை மிச்சப்படுத்தும். தொடங்கும் நிறுவனத்துக்கு அது மோசமான முடிவு இல்லை. ஆனால் உங்களிடம் 737 ரேட்டிங் இருந்தால், ஏடிஆரில் இரண்டு ஆண்டு என்பது அந்த ரேட்டிங் தூங்கிவிடும் இரண்டு ஆண்டு. அதைப் புதுப்பிக்கும் செலவைச் சேர்த்துச் சம்பளம் பேசுங்கள்.

கேள்வி: சில நிறுவனங்கள் மட்டும் அறிவித்த சில வாரங்களிலேயே பறக்கின்றனவே?

பதில்: அவர்கள் வேறொருவரின் ஏஓசியில் பறக்கிறார்கள். ஃபாஸ்ட்ஜெட் 2012 நவம்பரில் டான்சானியாவில் ஃப்ளை540இன் சான்றிதழைக் கொண்டு தொடங்கியது. தென்னாப்பிரிக்காவின் லிஃப்ட் 2020 டிசம்பரில் குளோபல் ஏர்வேஸின் ஏ320களோடு வந்தது. இப்படிப்பட்ட இடத்தில் உங்கள் முதலாளி சின்னம் வைத்திருப்பவரா, சான்றிதழ் வைத்திருப்பவரா என்பதை ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில் பாருங்கள்.

கேள்வி: வேறு நாட்டு உரிமம் வைத்திருக்கிறேன். அங்கே செல்லுமா?

பதில்: அப்படியே செல்லாது. அந்த நாட்டு ஆணையம் அதற்கு வேலிடேஷன் (உங்கள் உரிமத்தை ஏற்கும் ஒப்புதல்) தர வேண்டும், அல்லது மாற்று உரிமம் வாங்க வேண்டும். வேலிடேஷன் குறுகிய காலத்துக்கு. மூல உரிமம் முடிந்தால் அதுவும் முடியும். மாற்று உரிமத்துக்கு வழக்கமாக விமானச் சட்டத் தேர்வும் மருத்துவமும் உண்டு. இரண்டுக்குமே உங்கள் உரிமம் உண்மையானதுதான் என்று உங்கள் நாட்டு ஆணையம் அந்த நாட்டு ஆணையத்துக்கு நேரடியாக எழுத வேண்டும். தாமதம் இங்கேதான். நீங்கள் கையில் கொண்டுபோகும் கடிதத்தை ஏற்க மாட்டார்கள். வேலை உறுதியானதும் முதலில் இதற்கு விண்ணப்பியுங்கள், வாரக்கணக்கில் ஆகும். ஆங்கிலத் தகுதி குறைந்தது நான்காம் நிலை இருக்க வேண்டும், அது மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியது. சர்வதேசப் பயணிகள் சேவையில் வயது வரம்பு 65. நைஜீரியாவில் வெளிநாட்டுப் பணியாளர்களுக்கு ஒதுக்கீடு உண்டு. நிறுவனத்திடம் அந்த ஒதுக்கீட்டில் இடம் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு விமான டிக்கெட் போடுங்கள்.

கேள்வி: நீண்ட தூர விமானத்துக்கு எடுக்கிறார்கள். அதிலும் இதே தாமதமா?

பதில்: இன்னும் அதிகம். உகாண்டா ஏர்லைன்ஸின் முதல் ஏ330-800 வந்தது 2020 டிசம்பரில். துபாய்க்குப் பறந்தது 2021 அக்டோபரில். லண்டன் கேட்விக்குக்குப் பறந்தது 2025 மே மாதத்தில். அகல உடல் விமானத்தை ஏஓசியில் சேர்ப்பது ஒரு வேலை; இரட்டை இன்ஜினோடு நீண்ட தூரம் பறக்கும் அனுமதி இன்னொன்று; பிரிட்டனோ ஐரோப்பாவோ வெளிநாட்டு நிறுவனங்களுக்குத் தனியாகத் தரும் அனுமதி மற்றொன்று; விமான நிலையத்தில் நேர ஒதுக்கீடு அதற்கும் மேல். நீண்ட தூர விமானியாகச் சேர்ந்தால், முதல் ஓரிரு ஆண்டு மாதம் 40 மணி நேரம்கூடக் கிடைக்காமல் போகலாம். பறந்த மணிக்கு மட்டும் படி தரும் ஒப்பந்தத்தைத் தவிர்த்து, குறைந்தபட்ச மணி நேர உத்தரவாதத்தோடு வாங்குங்கள். 65 முதல் 70 மணி நேரம் என்று கேட்பது நியாயமான இடம்.