நான்கு குரல் அடுக்கு வேண்டாம்: ரஷ்ய நாட்டுப்பாடலைச் சேர்ந்திசைக்கு அமைக்கும் முறை

கேள்வி: எங்கள் கலப்புக் குரல் குழுவில் 22 பேர் இருக்கிறோம், பேஸ் எனப்படும் ஆண்களின் தாழ்குரலுக்கு மூவர் மட்டுமே. 'வோ போலே பெரியோஸா ஸ்தயாலா' ('வயலில் ஒரு பெரியோஸா மரம் நின்றது') என்ற ரஷ்ய நாட்டுப்பாடலை நான்கு குரல் இசைத்தாள் ஒன்றை வைத்துப் பயின்று வருகிறோம். சுரம் பிசகவில்லை, ஆனாலும் தேவாலயப் பாமாலைப் பாட்டுப் போலவே ஒலிக்கிறது. வேறு இசைத்தாள் தேட வேண்டுமா, நாங்களே அமைத்துக்கொள்ளலாமா?

பதில்: நீங்கள் உணரும் குறை உண்மையானது, அது பாடுவோரிடம் இல்லை, இசைத்தாளில் இருக்கிறது. நீங்களே அமைத்துக்கொள்ளலாம், இந்தப் பாடலுக்கு அதுவே நல்ல வழி என்பேன்.

1866இல் ரஷ்ய இசையமைப்பாளர் பாலகிரெவ் வெளியிட்ட 40 பாடல்களின் தொகுப்பைப் போல, 19ஆம் நூற்றாண்டுத் தொகுப்புகள் பலவும் மெட்டை மட்டும் எழுதிக்கொண்டு, அதற்குப் பியானோ துணையைத் தொகுப்பாளரே அமைத்த நூல்கள். ஊரார் கூடிப் பாடும்போது குரல்கள் எப்படிப் போகின்றன என்பதை நாட்டுப்பாடல் சேகரிப்பாளர் மெல்குனோவ் 1879இல் தாளில் எழுதிக் காட்டினார். 1897 முதல் யெவ்கேனியா லின்யோவா ஃபோனோகிராஃப் என்ற பழைய ஒலிப்பதிவுக் கருவியைக் கிராமங்களுக்கே எடுத்துச் சென்று பதிவு செய்தார். மெட்டு சோப்ரானோவுக்கு (பெண்களின் உயர்குரல்), துணை மற்ற மூவருக்கு என்ற பாகுபாடு அங்கே இல்லை. எல்லாரும் பாடுவது ஒரே மெட்டைத்தான். நடுவில் ஒருவர் சற்று மேலே விலகுவார், இன்னொருவர் கீழே இறங்குவார், வரி முடியும் இடத்தில் அனைவரும் ஒரே சுரத்திலோ அதன் அடுத்த ஸ்தாயியிலோ வந்து கூடுவார்கள். இப்படி விலகி ஓடும் குரலைப் 'பத்கலோசக்' என்பார்கள். இந்தப் பிரிதலும் கூடலுந்தான் அந்த இசையின் உயிர். ஒவ்வொரு சுரத்தின் கீழும் முழு ஒத்திசையை அடுக்கினால் அந்த ஓட்டம் நின்றுவிடுகிறது.

உங்கள் தாளில் இரண்டு இடங்களைப் பாருங்கள். முதலாவது, மைனர் சுரவரிசையின் ஏழாவது சுரம் அரைச்சுரம் உயர்த்தப்பட்டிருக்கிறதா என்பது. பரவலாகப் பாடப்படும் வடிவத்தில் மெட்டு அப்படி உயர்த்திய சுரத்தைத் தொடுவதே இல்லை; ஆகவே அது எங்கு வந்தாலும் அமைப்பாளர் கொண்டுவந்ததே, பாமாலைச் சாயலுக்கும் பெரும்பாலும் அதுவே காரணம். இரண்டாவது, வரியின் நீளம். நாட்டு வடிவில் முதல் வரி ஆறு எண்ணிக்கையில் முடிந்துவிடும். சைகோவ்ஸ்கி தம் நான்காம் சிம்பொனியின் இறுதிப் பகுதியில் இம்மெட்டை எடுத்தாண்டபோது இரண்டு எண்ணிக்கைகளைச் சேர்த்து எட்டாக்கினார். ஆர்கெஸ்ட்ராவுக்கு அது அழகு. வட்டமிட்டு ஆடிப் பாடும் பாட்டில் அந்த இடைவெளி காலைத் தடுக்கும்.

அமைப்பது கடினமன்று. முதலில் 22 பேரும், பேஸ் உட்பட, மெட்டை மனப்பாடமாகப் பாட வேண்டும்; இதை மட்டும் தயவுசெய்து தாண்டிச் செல்லாதீர்கள். பிறகு முதல் வரியை ஒரே ஆல்டோ (பெண்களின் தாழ்குரல்) எடுத்துக் கொடுக்கட்டும். இரண்டாம் வரியில் அனைவரும் ஒரே மெட்டில் சேரட்டும். அடுத்த சரணத்தில் கீழ்க்குரல் வரியின் நடுவே மட்டும் மூன்றாம் சுர இடைவெளியில் இறங்கி, முடிவில் திரும்பி வரட்டும். அதற்கடுத்த சரணத்தில் மேலே ஒருவர், தெளிவான குரலுடைய ஒருவர் மட்டும், விலகலாம். டான் ஆற்றுப் பகுதியின் கசாக் மக்களின் பாட்டில் மேலே தனித்துப் பறக்கும் குரலும் ஒருவருடையதே. உங்கள் மூன்று பேஸ்களும் டெனருடன் (ஆண்களின் உயர்குரல்) சேர்ந்து மெட்டையே கீழ் ஸ்தாயியில் பாடட்டும். ஒலிப்பதிவுகளில் கேட்கும் அடியாழக் குரல் 'அக்தவிஸ்த்' எனப்படும் அரிய பாடகர்களுடையது. அதைப் போலிசெய்து தொண்டையை வருத்த வேண்டாம். எல்லாரும் ஒரே மெட்டைப் பாடுவது குறைவான வேலையாகிவிடுமோ என்று தயங்கவும் வேண்டாம். ரக்மனினோவ் 1926இல் எழுதிய 'மூன்று ரஷ்யப் பாடல்கள்' படைப்பில் சேர்ந்திசைக்கு ஆல்டோவும் பேஸும் மட்டுமே. அவர்கள் மெட்டைப் பாட, மற்றதெல்லாம் ஆர்கெஸ்ட்ராவின் பொறுப்பு.

உச்சரிப்பில், அழுத்தம் பெறாத 'ஓ' இலேசான 'அ' ஆகும். 'ஸ்தோயாலா' என்று எழுதப்பட்டிருந்தாலும் 'ஸ்தயாலா' என்றே பாடுங்கள்.

அடுத்து 'பிரத்யாஷ்னயா' எனப்படும் நீண்டிழையும் பாடல் ஒன்றை எடுத்தால், மூச்சுக்கும் தனிப் பயிற்சி தேவை. பக்கத்தில் நிற்பவர் மூச்செடுக்கும்போது நீங்கள் எடுக்கக் கூடாது. சொல்லின் நடுவில், ஓசைப்படாமல் எடுத்து, மெலிதாக மீண்டும் சேர வேண்டும். ரஷ்யக் குழுக்கள் இதைச் 'சங்கிலி மூச்சு' என்ற பொருளிலேயே அழைக்கின்றன.

பாடல் தேர்விலும் கவனம் தேவை; நாட்டுப்பாடல் போல ஒலிப்பவை சில தனியொருவர் இயற்றியவை. 'கலீன்கா' 1860இல் லரியோனோவ் இயற்றியது. 'கத்யூஷா' 1938ஆம் ஆண்டினது, பிளான்டர் இசையமைத்தது. பிந்தையதை மேடையேற்றுமுன் உரிமை பற்றி விசாரித்துக்கொள்ளுங்கள். உங்கள் பெரியோஸாவுக்கு அந்தக் கவலை இல்லை. ஆனால் இப்போது கையிலுள்ள இசைத்தாளின் அமைப்பு வேறொருவருக்கு உரியதாக இருக்கலாம் என்பதால், அதைத் திருத்திக்கொண்டிருப்பதைவிட மெட்டிலிருந்து புதிதாகத் தொடங்குவதே மேல்.